மனிதப் பெயர்களில் பிறந்த ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் சொற்கள் சில, ஒரு காலத்தில் மனிதர்களின் பெயர்களாக இருந்தவை. ஒருவர் கண்டறிந்த பொருளுக்கோ, அவர் முன்வைத்த கருத்துக்கோ, அவருக்கு நேர்ந்த கதிக்கோ அவர் பெயரே நிலைத்துவிடுகிறது.

புறக்கணிப்பைக் குறிக்கும் ‘பாய்காட்’ அப்படி வந்ததே. சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் குத்தகை வசூலித்த முகவர். 1880-இல், விளைச்சல் குன்றியதால் குத்தகையைக் குறைக்கும்படி உழவர்கள் கேட்டனர். அவர்கள் கேட்ட அளவு குறைக்கப்படவில்லை. கட்டாதவர்களை வெளியேற்ற பாய்காட் முனைந்தார். உழவர்கள் வன்முறையில் இறங்காமல் அவரை ஊரைவிட்டு ஒதுக்கியதுபோல் நடத்தினர். வயலுக்கு ஆள் வரவில்லை. கடைகளில் பொருள் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த சுமார் 50 பேர் படைக்காவலோடு அறுவடையை முடித்தனர். அந்த ஆண்டு டிசம்பரில் பாய்காட் அயர்லாந்தை விட்டுக் கிளம்பினார். அதற்குள் அவர் பெயர் செய்தித்தாள்களில் வினைச்சொல்லாகிவிட்டது. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து அந்நியத் துணியை ஒதுக்கிய இந்தியர்களும் அதே சொல்லைக் கையாண்டனர்.

‘கில்லட்டின்’ என்னும் தலைவெட்டும் கருவியை மருத்துவர் கில்லட்டின் உருவாக்கவில்லை. மரண தண்டனையை வெறுத்த அவர், அது இருக்கும்வரை எல்லா வகுப்பினருக்கும் ஒரேபோல, வலியின்றி நிறைவேற வேண்டும் என்று 1789-இல் பிரெஞ்சு தேசிய சபையில் வலியுறுத்தினார். கருவியை வடிவமைத்தவர்கள் வேறு சிலர். பெயர் மட்டும் அவருடையதாயிற்று.

‘நிக்கோட்டின்’ என்ற சொல், லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோவிடமிருந்து வந்தது. 1560-ஐ ஒட்டி அவர் புகையிலையைப் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பிவைத்தார். அதனால் புகையிலைச் செடியின் அறிவியல் பெயரில் அவர் பெயர் சேர்ந்தது. 1828-இல் அதிலிருந்து பிரித்தெடுத்த நச்சுப்பொருளுக்கும் அது தொடர்ந்தது.

கணினி உலகின் ‘அல்காரிதம்’ இவற்றிலெல்லாம் பழையது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி, இந்திய எண்முறையை விளக்கி நூல் எழுதினார். அது 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனபோது அவர் பெயர் ‘அல்கோரித்மி’ என்று திரிந்தது. முதலில் அவர் விளக்கிய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையைக் குறித்த சொல், பிற்காலத்தில் படிப்படியாகத் தீர்வு காணும் எந்த வழிமுறைக்கும் உரியதாயிற்று.

ஆங்கிலத்தில் மனிதப் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்குவது மரபு. இச்சொற்களோ இன்று சிறிய எழுத்தில்தான் எழுதப்படுகின்றன. பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.