கிழ நாய்க்கும் ஒரு வீடு!

நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் குட்டியைத்தான் தேடுகிறார்கள். வயதான நாயை யாரும் கேட்பதில்லை. ஆனால் பல வீடுகளுக்குக் குட்டியைவிடக் கிழ நாயே ஏற்றது!

புதுச்சேரியை அடுத்த சேதராப்பட்டில் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் குட்டி என்ன செய்யும்?

கத்தும். செருப்பைக் கடிக்கும். கூடத்தை அசிங்கம் செய்யும். பால் பற்கள் விழுந்து புதுப் பல் முளைக்க ஆறு மாதம் ஆகுமே! அதுவரை ஈறு நமநமக்கும். அகப்பட்டதை எல்லாம் கடிக்கும்.

ஏழு, எட்டு வயது நாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. காலையில் சோறு போட்டால் போதும். திண்ணையில் படுத்துத் தூங்கும். அதன் குணம் எப்படி, உயரம் எவ்வளவு என்பதும் பார்த்த உடனே தெரிந்துவிடும். தனியாக இருக்கும் தாத்தா, பாட்டிக்கு நல்ல துணை.

வயதை எப்படி அறிவது? பல் மஞ்சளாகி நுனி தேய்ந்திருக்கும். முகத்தில் நரை தட்டியிருக்கும்.

தொந்தரவே இல்லை என்று சொல்ல முடியாது. மூட்டு வலி வரும். சோற்றைக் குழைத்துப் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி கிழ நாய்க்கும் கட்டாயம். புதிதாக வந்த நாய் சில நாள் மிரளும். அது தின்னும்போது குழந்தைகள் கிட்டே போகக்கூடாது!

சென்னையில் கேப்டன் சுந்தரம் என்ற விமானி 1959-ல் தொடங்கிய 'புளூ கிராஸ்' சங்கத்தில் நாய்களைத் தத்துக் கொடுக்கிறார்கள். வளர்ந்த நாய்களும் அங்கே உண்டு.

"இன்னும் நாலைந்து ஆண்டுதானே இருக்கும்?" என்று பலர் தயங்குகிறார்கள். எசமான் வீடு மாறிப் போய்விட, பூட்டிய கதவின் முன் படுத்துக் கிடக்கும் நாய்க்கு அந்த நாலைந்து ஆண்டும் தெருவில்தான்!