டிராக்டர் மின் இணைப்பில் பியூஸ்: கடலோர உழவர்கள் கவனத்திற்கு

இராமநாதபுரம் கடலோரப் பகுதி உழவர்களில் பலர் இரவு உழவுக்குக் கூடுதல் விளக்குகளும், மிளகாய்ப் பயிருக்கு மருந்து தெளிக்க 12 வோல்ட் பம்பும் டிராக்டரில் பொருத்துகின்றனர். இவற்றிற்காகப் பேட்டரியிலிருந்து பின்புறம்வரை தடித்த வயர் ஒன்று இழுக்கப்படுகிறது. 'வயர் தடிப்பாக இருக்கிறது, பியூஸ் எதற்கு?' என்று எண்ணுவது தவறாகும். அந்த வயர் உராய்ந்து இரும்புச் சட்டத்தைத் தொட்டால், பேட்டரியிலிருந்து சில நூறு ஆம்பியர் மின்சாரம் ஒரே நொடியில் பாயும். வயர் பழுத்துத் தீப்பற்றும். பின்னால் வைக்கோல் ஏற்றிய டிரெய்லர் இருப்பின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

பியூஸ் எங்கே வைக்க வேண்டும்?

பியூஸ் காப்பது விளக்கையன்று, வயரையே. எனவே அதைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் வைத்தல் வேண்டும். விளக்கின் அருகே வைத்தால், பேட்டரிக்கும் பியூசுக்கும் இடைப்பட்ட வயருக்குக் காப்பு கிடையாது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் கேபிளில் பொதுவாகப் பியூஸ் இராது. ஆகவே அதற்கு ரப்பர் உறையிட்டு, உராயாதபடி இறுகக் கட்டுங்கள்.

அளவு கணக்கிடும் முறை

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 55 வாட் விளக்குகள் நான்கும் 60 வாட் பம்பு ஒன்றும் சேர்ந்து 280 வாட். இதை 12-ஆல் வகுக்க, ஏறத்தாழ 23 ஆம்பியர். இதற்கு 10 சதுர மி.மீ. செம்பு வயரும் 30 ஆம்பியர் பியூசும் பொருந்தும். பியூசின் அளவு எப்போதும் வயர் தாங்கும் அளவுக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும்.

வயர் மெலியும் ஒவ்வோர் இடத்திலும் தனிப் பியூஸ் தேவை. இரண்டிரண்டு விளக்குகளுக்குச் செல்லும் 2.5 சதுர மி.மீ. கிளைக்கு 15 ஆம்பியரும், பம்புக் கிளைக்கு 10 ஆம்பியரும் போதும்.

உப்புக் காற்றின் தீமை

1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை இப்பகுதியினர் அறிவர். அதே உப்புக் காற்றுதான் உங்கள் டெர்மினலிலும் படிகிறது. பச்சை பூத்த இணைப்பில் மின்தடை 0.05 ஓம் ஏறினாலே, 20 ஆம்பியர் ஓடும்போது அவ்விடத்தில் 20 வாட் வெப்பம் உண்டாகும். மின்னோட்டம் கூடாததால் பியூஸ் உருகாது; ஆனால் அதன் பெட்டி உருகிவிடும். எனவே ஈயம் பூசிய செம்பு வயரையும் மூடியுள்ள பியூஸ் பெட்டியையும் பயன்படுத்துங்கள். இணைப்புகளை வெறுமனே முறுக்காமல், லக்கு வைத்து அழுத்திப் பொருத்துங்கள். மாதம் ஒருமுறை சுத்தம் செய்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள்.

நினைவில் கொள்க

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். முடிந்தபின் அதையே கடைசியாக மாட்டுங்கள். பியூஸ் எரிந்தால் காரணத்தைக் கண்டு சரிசெய்த பின்பே, அதே அளவுள்ள புதியதைப் போடுங்கள். செம்புக் கம்பியையோ சிகரெட் காகிதத்தையோ வைத்து ஒப்பேற்றினால், அடுத்த முறை உருகப்போவது வயர்தான். சில ரூபாய்ப் பியூஸ், பல இலட்ச ரூபாய் டிராக்டரையும் ஓட்டுபவர் உயிரையும் காக்கும்.