சான்றிதழ் இருந்தது, தப்பிக்க வழி இல்லை

2012 ஆகஸ்ட் மாதம், கராச்சி பல்தியா டவுனில் இயங்கிவந்த அலி என்டர்பிரைசஸ் ஆயத்த ஆடை ஆலைக்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்தது. கூலி, வேலை நேரம், தீ பாதுகாப்பு எல்லாம் சர்வதேசத் தரத்தில் உள்ளன என்பதற்கு அத்தாட்சி அது. மூன்றே வாரத்தில், செப்டம்பர் 11 அன்று, ஆலை தீப்பற்றியது. ஜன்னல்கள் கம்பியால் அடைக்கப்பட்டிருந்தன. வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பணம் பறிக்க வைத்த தீ என்று கூறி பாகிஸ்தான் நீதிமன்றம் 2020-இல் இருவருக்கு மரண தண்டனை விதித்தது. தீ வைத்தது யாராக இருந்தாலும், கதவு திறந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

யாருக்காகத் தைத்தார்கள்?

ஆலையின் முதன்மை வாடிக்கையாளர் ஜெர்மனியின் கிக் என்ற மலிவு விலை ஆடை நிறுவனம். சப்ளையர்களுக்கான நடத்தை விதிகள் அதனிடம் இருந்தன, தணிக்கையும் நடந்திருந்தது. உயிர் தப்பிய ஒருவரும் பிள்ளைகளைப் பறிகொடுத்த மூவரும் 2015-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நீதிமன்றத்தில் அந்நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். காலவரம்பு கடந்துவிட்டது என்று 2019-இல் வழக்கு தள்ளுபடியானது. இடையில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முயற்சியால் 51.5 லட்சம் டாலர் இழப்பீடு தர கிக் ஒப்புக்கொண்டது.

தணிக்கை எங்கே கோட்டைவிடுகிறது?

தணிக்கைக்குப் பெரும்பாலும் ஆலை முதலாளியே பணம் கட்டுகிறார். தேதி முன்கூட்டியே தெரிந்துவிடுவதும் உண்டு. முதலாளியின் கூரையின் கீழேயே விசாரிக்கப்படும் தொழிலாளி, வேலை போகும் பயத்தில் வாய் திறப்பதில்லை. அறிக்கையும் அவர் கைக்கு வருவதில்லை. பாதுகாப்பு வேண்டும் என்று கேட்கும் அதே நிறுவனம், விலையைக் குறை, சரக்கைச் சீக்கிரம் அனுப்பு என்றும் நெருக்குகிறது. இரண்டில் எதை மீறினால் ஆர்டர் கைவிட்டுப் போகும் என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும்.

என்ன செய்தால் மாறும்?

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கிருந்த ஆலைகளிலும் தணிக்கை நடந்திருந்தது. அதன்பின் இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆய்வு அறிக்கைகள் பொதுவெளிக்கு வந்தன. வாக்கு தவறும் நிறுவனத்தைத் தொழிற்சங்கம் நடுவர் மன்றத்துக்கு இழுக்க முடிந்தது. மின் கம்பிகள், தீ தடுப்புக் கதவுகள், தூண்கள் என ஆயிரக்கணக்கான குறைகள் சரிசெய்யப்பட்டன. 2023-இல் பாகிஸ்தானுக்கும் இதே ஏற்பாடு வந்தது. பெருநிறுவனங்கள் வெளிநாட்டு சப்ளையர்களையும் கண்காணிக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2017-இலும் ஜெர்மனி 2021-இலும் சட்டம் இயற்றின.

எந்த நிறுவனமும் அறம் பேசும்போது மூன்று கேள்விகள் கேட்போம். சோதனைக்குப் பணம் கொடுத்தது யார்? அறிக்கையைத் தொழிலாளி படிக்க முடியுமா? வாக்கு தவறினால் அவர் வழக்குப் போட முடியுமா? மூன்றாவதற்கு விடை ‘முடியாது’ என்றால், அந்த வாக்குறுதியை நம்பித் தொழிலாளியை உள்ளே அனுப்புவது குற்றம்.