பூட்டிய பெட்டகத்துள் ஓர் எச்சரிக்கை

விஞ்ஞான உண்மையொன்று கண்டறியப்பட்ட அக்கணமே அது உலகத்தார் யாவர்க்கும் பொதுவுடைமையாகிவிடுகின்றது என்று நாம் எண்ணுகின்றோம். வகுப்பறையிலே மாணவர்க்கு நாம் கற்பிப்பதும் அதுவே. எண்ணம் உயர்ந்ததுதான், ஆயின் நடைமுறை அவ்வாறில்லை. கண்டறிந்த உண்மைக்கும் அதனை வேண்டி நிற்பவனுக்கும் இடையே ஒரு கதவு உண்டு. அக்கதவுக்கு ஒரு விலையும் உண்டு. அவ்விலையை யார் கொடுப்பது என்பதே நான் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

1982ஆம் ஆண்டில் 'அன்னல்ஸ் ஒவ் வைரோலஜி' என்னும் ஐரோப்பியச் சஞ்சிகையிலே சிறியதோர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. மேற்கு ஆபிரிக்காவிலுள்ள லைபீரியா நாட்டு மக்களிடமிருந்து பெற்ற குருதியை ஜேர்மனிய ஆராய்ச்சியாளர் சோதித்தனர். சிலருடைய குருதியில் எபோலா வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. எனவே எபோலா நிலவும் பிரதேசங்களுள் லைபீரியாவையும் சேர்த்தெண்ண வேண்டும் என்றும், அந்நாட்டு வைத்திய நிலையங்களில் பணிபுரிவோர் விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்றும் அவர்கள் எழுதினர்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. அயல்நாடான கினியில் 2013ஆம் ஆண்டின் இறுதியில் தலைகாட்டிய எபோலா, 2014இல் லைபீரியாவினுள்ளும் புகுந்தது. அந்நாட்டில் மாத்திரம் 4,800க்கு மேற்பட்டோர் மாண்டனர். நோயாளரைத் தொட்டுப் பராமரித்த வைத்தியரும் தாதியரும் அந்நோய்க்கே இரையாயினர். எபோலா மத்திய ஆபிரிக்காவுக்குரிய நோய், நம் நாட்டுக்குரியதன்று என்பதே அதுவரை அங்கு நிலவிய நம்பிக்கை.

2015 ஏப்ரலில், லைபீரிய சுகாதார அமைச்சின் பிரதம வைத்திய அதிகாரி பேர்ணிஸ் டான் வேறிருவருடன் சேர்ந்து 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய எச்சரிக்கையை அவர்கள் அப்பொழுதுதான் கண்டெடுத்திருந்தனர். அத்தகைய கட்டுரையொன்றை இணையத்திலிருந்து பெறுவதற்கு 45 டொலர் செலுத்தவேண்டும்; அத்தொகை லைபீரிய வைத்தியர் ஒருவரின் அரைவாரச் சம்பளம் என்று அவர்கள் குறிப்பிட்டனர். அக்கட்டுரைகளை எழுதியவருள் லைபீரியர் ஒருவரேனும் இருக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினர்.

அந்த 45 டொலரே அத்தனை உயிர்களையும் குடித்தது என்று கூறுதல் மிகையாகும். உள்நாட்டுப் போரினால் நலிந்த வைத்திய சேவை, போதிய வைத்தியரின்மை, உலக நாடுகளின் தாமதம் ஆகிய காரணங்களும் உள. ஆயினும், குருதி கொடுத்த மக்களுக்கு அக்குருதி கூறிய செய்தி எட்டவில்லை என்ற உண்மையை எவ்வாறு மறுப்பது?

இந்நிலை தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1665இல் இலண்டனிலே ஹென்றி ஓல்டன்பேர்க் றோயல் சங்கத்தின் 'பிலசோபிக்கல் ட்ரான்சாக்ஷன்ஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கியபோது, ஒருவர் கண்டதை மற்றவர் அறியச் செய்வதே அதன் முதல் நோக்கமாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது பெருவணிகமாயிற்று. 1951இல் றொபேட் மக்ஸ்வெல் கைக்கொண்டு வளர்த்த பேர்கமன் பதிப்பகம், 1991இல் 44 கோடி பவுணுக்கு எல்சவியர் கொம்பனிக்கு விற்கப்பட்டது என்பதிலிருந்தே அவ்வணிகத்தின் வளத்தை உணரலாம்.

இவ்வணிகத்தின் இயல்பு விந்தையானது. ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் பணம் கொடுப்பது பொதுமக்களின் வரி. கட்டுரையை எழுதுவோர் அதற்கெனக் கூலி பெறுவதில்லை. அதன் தரத்தைச் சோதிக்கும் சக அறிஞர்களும் பொதுவாக ஊதியமின்றியே அப்பணியைச் செய்கின்றனர். முடிவில் உரிமை பதிப்பகத்துக்குப் போக, அவ்வறிஞர்களின் பல்கலைக்கழகமே பெருஞ்சந்தா செலுத்தி அதனைத் திரும்ப வாங்குகின்றது. தன் வயலில் விளைந்த நெல்லை இனாமாகக் கொடுத்துவிட்டு, அதே நெல்லைக் கடையில் விலைக்கு வாங்கும் கமக்காரனை நாம் என்னவென்போம்? மேலும், ஒரு கடையில் அரிசி விலையேறினால் மறு கடையை நாடலாம். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மாற்றாக வேறொரு கட்டுரையை வாங்க முடியாது.

இணையத்தின் வருகை இந்நிலையை மாற்றும் வாய்ப்பை அளித்தது. 1991இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் போல் ஜின்ஸ்பார்க், கட்டுரைகளை எவரும் இலவசமாகப் படிக்கத்தக்க 'ஆர்க்கைவ்' என்னும் களஞ்சியத்தை நிறுவினார். 2002 பெப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம் 'திறந்த அணுக்கம்' என்னும் கொள்கைக்கு உருவம் கொடுத்தது. தன் பணத்தால் நடைபெறும் ஆராய்ச்சியின் கட்டுரைகளைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் பொதுக் களஞ்சியத்தில் திறந்துவைத்தல் வேண்டும் என அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் 2008இல் விதித்தது. 2025 யூலை முதலாம் திகதியிலிருந்து அப்பன்னிரண்டு மாதத் தவணையும் நீக்கப்பட்டது.

இவ்வளவுடன் குறை தீர்ந்ததோ எனின், இல்லை. வாசகனிடம் வாங்கிய பணத்தைப் பதிப்பகங்கள் இப்பொழுது எழுதுவோனிடம் கேட்கின்றன. 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு கட்டுரையைத் திறந்த முறையில் வெளியிட 2021இன் தொடக்கத்தில் விதிக்கப்பட்ட கட்டணம் 9,500 யூரோ. மிக வறிய நாட்டினர்க்குச் சில பதிப்பகங்கள் சலுகை அளிக்கின்றன. ஆனால் வறியதென்றும் செல்வமுடையதென்றும் கூறமுடியாத நாடுகளின் ஆராய்ச்சியாளர் நடுவில் நின்று தவிக்கின்றனர். கட்டணம் ஒன்றையே குறியாகக் கொண்டு, தரம் நோக்காது எதனையும் அச்சேற்றும் போலிச் சஞ்சிகைகளும் இதனால் மலிந்துவிட்டன. படிக்கும் கதவு திறந்தது. எழுதும் கதவு சாத்தப்பட்டது. லைபீரிய வைத்தியன் இன்று பிறர் எழுதியதைப் படிக்கக்கூடும். தன் நோயாளரைப் பற்றித் தானே எழுதி உலகுக்கு அறிவிக்க அவனால் இயலுமா? முன்னதிலும் பின்னது சிறிய கேள்வியன்று.

இவ்விரு கதவுகளும் ஒருங்கே திறந்திருத்தல் கூடாத காரியமன்று. பிரேசில் நாடு 1998இல் தொடங்கிய 'சயெலோ' என்னும் திட்டம் பொதுப்பணத்தின் துணையுடன் இலத்தீன் அமெரிக்கச் சஞ்சிகைகளை உலகெங்கும் இலவசமாகப் படிக்கச் செய்தது. எழுதுவோரிடமும் படிப்போரிடமும் பணம் கேளாத வழியை இன்று 'வைர வழி' என்று வழங்குகின்றனர். நம் நாட்டிலும் 2008இல் தொடங்கப்பட்ட இணையத் திட்டமொன்றின் வாயிலாக இலங்கைச் சஞ்சிகைகள் பல திறந்து வைக்கப்பட்டுள்ளன. 1887இல் தோன்றிய இலங்கை மருத்துவச் சஞ்சிகையும் அவற்றுள் ஒன்று. இவை தாமாக நிலைப்பன அல்ல. பதிப்பிப்பதற்கும், செப்பனிடுவதற்கும், காத்துவைப்பதற்கும் செலவு உண்டு. பாடசாலையையும் நூல்நிலையத்தையும் பொதுப்பணத்தால் நடத்தும் சமுதாயம் இதனையும் அவற்றோடொத்த கடமையாகக் கருதுமாயின், அச்செலவு பெரும்பாரமாகத் தோன்றாது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் கூற விரும்புவது இதுவே: ஆராய்ச்சியொன்றைப் பாராட்டுமுன் அது எங்கு வெளியாயிற்று என்று மட்டும் கேளாதீர்கள், யாருக்கு எட்டிற்று என்றும் கேளுங்கள். நீங்களே ஆராய்ச்சி செய்யும் நாள் வரும்போது, உங்கள் கட்டுரையின் பிரதியொன்றைப் பல்கலைக்கழகத்தின் பொதுக் களஞ்சியத்தில் வைக்க உரிமை உண்டா என்று கையொப்பமிடுமுன் விசாரியுங்கள். குருதி கொடுத்தவன் அதற்கு விலை கேட்கவில்லை. அவனுக்குரிய செய்தியை அவன் வாயிலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு, அதனை எழுதுபவனையே சாரும்.