பக்கவிளைவாய்ப் பிறந்த மருந்து

மனச்சோர்வுக்கான முதல் மருந்தே ஒரு பக்கவிளைவாகத்தான் பிறந்தது. 1952இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து வார்டில் ஆடினார்கள். 1957இல் டாக்டர் நேத்தன் கிளைன் அதையே மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். ஆனால் கல்லீரலைக் கெடுத்ததால் சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. அதே வகை மாத்திரை சாப்பிடுபவர் முதிர்ந்த சீஸ் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் எகிறியது. சீஸில் உள்ள டைரமினை உடைக்கும் நொதியை மாத்திரை முடக்கிவிட்டதே காரணம்.

அதே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் டாக்டர் ரோலண்ட் கூன் மனச்சோர்வுக்கு இமிப்ரமின் என்ற மருந்தின் பலனைக் கண்டறிந்தார். அதைத் தொடர்ந்து அதே வகையான ட்ரைசைக்ளிக் மருந்துகள் வந்தன. வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, பார்வை மங்கியது, சட்டென்று எழுந்தால் தலை சுற்றியது. அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதால், நொந்துபோன நோயாளி கையில் மொத்தமாக மாத்திரையைக் கொடுக்க டாக்டர்கள் தயங்கினார்கள்.

1987இல் அமெரிக்கா ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற புது மருந்துக்கு அனுமதி கொடுத்தது. செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் என்று அதன் உறவுகள் வரிசையாக வந்தன. இதயத்துக்கு ஆபத்து பெரிதும் குறைந்தது. தொல்லை வேறு உருவம் எடுத்தது. முதல் சில நாள் குமட்டும், தூக்கம் கெடும். தாம்பத்திய ஆசை குறையும். வேறு வகை மருந்தான மிர்ட்டசபின் நன்றாகத் தூங்க வைக்கும், எடையையும் ஏற்றிவிடும். வென்லாஃபாக்ஸின் சிலருக்கு ரத்த அழுத்தத்தைக் கூட்டும். இளம் வயதினருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2004இல் அமெரிக்கா எச்சரித்தது; அவர்களை வீட்டார் கண்காணிக்க வேண்டும். பழைய மருந்துகளும் போய்விடவில்லை: ட்ரைசைக்ளிக் வகையான அமிட்ரிப்டிலின் இன்று நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் எழுதப்படுகிறது.

அன்றைய பக்கவிளைவைக் கண்டு டாக்டர் பயந்தார். இன்றைய பக்கவிளைவை டாக்டரிடம் சொல்ல நோயாளி கூசுகிறார். படுக்கையறைச் சங்கதியை எப்படிச் சொல்வது என்று, மாத்திரையைத் தானே நிறுத்திவிடுகிறார். தொல்லை முதல் வாரமே வந்துவிடும்; பலன் தெரியவோ இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நடுவில் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரும்.

அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், நிறுத்துவதானாலும் படிப்படியாக நிறுத்தலாம். 1957இல் இவ்வளவு வழி இல்லை. கூச்சத்தை விட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.