வேலைக்கான கணக்கு முதல் செமஸ்டரிலேயே தொடங்குகிறது

பொறியியல் படிப்பு நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். ஆனால் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் ஏழாவது செமஸ்டர் தொடங்கும்போதே கேம்பஸ் இன்டர்வியூவும் தொடங்கிவிடுகிறது. அப்போது நிறுவனங்கள் பார்ப்பது முதல் ஆறு செமஸ்டர் மதிப்பெண்களை. ஆகவே வேலைக்குத் தயாராக மாணவருக்குக் கிடைப்பது மூன்று ஆண்டுகள்தான். வழிகாட்ட வீட்டில் யாரும் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

முதல் ஆண்டின் வேலை அடித்தளத்தை உறுதிசெய்வது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம். நிலுவையில் அரியர் கூடாது. பிளேஸ்மென்ட் அறிவிப்புப் பலகையில் அடிக்கடி காணப்படும் நிபந்தனைகள் இவை. முதல் செமஸ்டர் கணிதத்தில் வைத்த அரியரைக் கடைசிவரை எழுதி முடிக்காதவருக்கு, எத்தனை திறமை இருந்தாலும், நிறுவனங்கள் நடத்தும் எழுத்துத் தேர்வில் உட்கார இடம் கிடைக்காது. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலம் பேசிப் பழகவும் இந்த ஆண்டே ஏற்றது.

இரண்டாம் ஆண்டு தேடலுக்குரியது. படித்த துறையிலேயே வேலையா, மென்பொருளா, மேற்படிப்பா, அரசுப் பணியா என்பதை சீனியர்களிடமும் பேராசிரியர்களிடமும் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல் இணைய வகுப்புகளில் கட்டணமின்றிச் சேரலாம்; சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் பணம் கட்டி, தேர்வு மையத்துக்குச் சென்று தேர்வெழுத வேண்டும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் திறன் பயிற்சிகளை அளிக்கிறது.

மூன்றாம் ஆண்டில் கற்றதைச் செய்து காட்ட வேண்டும். விடுமுறையில் இன்டர்ன்ஷிப், கல்லூரியில் ஒரு புராஜெக்ட் என இரண்டும் தேவை. ‘கடின உழைப்பாளி’ என்று ரெஸ்யூமில் எழுதினால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ‘மண்ணின் ஈரப்பதத்தை அளந்து பம்புசெட்டைத் தானாக நிறுத்தும் கருவி, சென்சார் இணைப்பும் புரோகிராமும் என் பங்கு’ என்ற வரியோ நேர்முகத் தேர்வில் கேள்விகளை வரவழைக்கும். செய்தவருக்குத்தான் பதிலும் தெரியும். எம்.டெக். நினைப்பவர்கள் கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும்.

இறுதி ஆண்டு விண்ணப்பங்களின் காலம். 21 வயது நிறைந்தவர்கள் யுபிஎஸ்சி குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வை இறுதி ஆண்டு படிக்கும்போதே எழுத முடியும். கேம்பஸில் வேலை கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டத்தின்கீழ், பட்டம் பெற்றவர்கள் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் மாத உதவித்தொகையுடன் ஓராண்டு பயிற்சி பெறலாம். தென்மாநிலங்களில் இதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். இந்தப் பயிற்சியில் பெறும் ஓராண்டு அனுபவம் அடுத்த விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும்.