செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான கருவி விளக்கங்களை மதிப்பிடுதல்

கருவி விளக்க மதிப்பீடு என்பது, செயற்கை நுண்ணறிவு முகவர் பயன்படுத்தும் மென்பொருள் கருவிகளைப் பற்றி அதற்கு எழுதித் தரப்படும் விளக்கங்கள் எவ்வளவு பயன் தருகின்றன என்பதைச் சோதித்து அறியும் முறையாகும். முகவர் என்பது இங்குப் பெரிய மொழி மாதிரி ஒன்றின் துணையுடன், பயனர் சொன்ன வேலையைப் படிப்படியாகத் தானே செய்து முடிக்கும் மென்பொருளைக் குறிக்கிறது. கோப்பைத் திறத்தல், தரவுத்தளத்தில் தேடுதல், பணம் செலுத்துதல் போன்ற ஒவ்வொரு செயலுக்கும் அது ஒரு கருவியை அழைக்கிறது. பெரும்பாலும் அந்தக் கருவியின் நிரல் முகவரின் பார்வைக்கு வருவதில்லை. பெயரையும் விளக்கத்தையும் படித்தே எந்தக் கருவியை அழைப்பது என அது முடிவு செய்கிறது. ஆகவே, நிரல் சரியாக இருந்தாலும் விளக்கம் பிழையானால் வேலை பிழையாகிவிடும்.

பின்னணி

2023 ஜூன் மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மொழி மாதிரிகளில் 'செயற்கூறு அழைப்பு' எனும் வசதியை அறிமுகப்படுத்தியது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், முகவர்களையும் கருவிகளையும் இணைப்பதற்கான எம்சிபி எனும் திறந்த நெறிமுறையை வெளியிட்டது. இதன்பின், ஒருவர் உருவாக்கிய கருவியை வேறொருவரின் முகவர் பயன்படுத்துவது எளிதாயிற்று. கருவியை எழுதியவரிடம் ஐயம் கேட்க முடியாத நிலையில், விளக்கத்தின் தரம் முன்னினும் முதன்மை பெற்றது.

விளக்கத்தின் உறுப்புகள்

கருவி விளக்கத்தில் பொதுவாக மூன்று உறுப்புகள் உள்ளன.

1. பெயர்.
2. கருவி என்ன செய்யும், எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது பயன்படுத்தக் கூடாது என்று கூறும் உரை.
3. கருவிக்குத் தர வேண்டிய உள்ளீடுகளின், அதாவது அளபுருக்களின் பட்டியல். ஒவ்வோர் அளபுருவும் எண்ணா, எழுத்தா, கட்டாயமா, விருப்பமா என்பது பெரும்பாலும் ஜேசன் ஸ்கீமா எனும் வடிவில் குறிக்கப்படும்.

ஒரு நூலகத்திற்கான கருவியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் பெயர் 'நூல் எடு'. விளக்கம் 'நூலை எடுக்கும்' என்பது மட்டுமே. இது நூலின் விவரத்தை எடுத்துக் காட்டுமா, உறுப்பினர் பெயரில் நூலை இரவல் பதியுமா என்பது விளங்காது. திருப்பித் தரும் நாளை '03/04/2025' என்று தந்தால், அது ஏப்ரல் 3 ஆகவும் மார்ச் 4 ஆகவும் கொள்ளப்படலாம். 'நூலை உறுப்பினர் பெயரில் இரவல் பதியும். விவரம் மட்டும் வேண்டுமெனில் நூல் விவரம் எனும் கருவியைப் பயன்படுத்துக. நாளை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தருக' என எழுதினால் இரு குழப்பங்களும் நீங்கும்.

மதிப்பிடும் முறை

மனிதருக்குத் தெளிவாகத் தோன்றும் விளக்கம் முகவருக்கும் தெளிவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே படித்துப் பார்ப்பது முதற்படி மட்டுமே. அடுத்து, உண்மைப் பயனர்கள் கேட்கக்கூடிய பணிகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான முடிவை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பிறகு மொழி மாதிரியையும் பணிகளையும் மாற்றாமல், விளக்கத்தை மட்டும் மாற்றிச் சோதித்து ஒப்பிட வேண்டும். மூன்றையும் ஒருசேர மாற்றினால் முன்னேற்றம் எதனால் வந்தது என்று கூற இயலாது.

விளக்கத்தைத் திருத்தப் பயன்பட்ட பணிகளைக் கொண்டே இறுதி மதிப்பெண் தருவதும் தவறு. வகுப்பில் செய்து காட்டிய கணக்கையே தேர்வில் கேட்பது போன்றது அது. இதற்கெனத் தனியாகச் சில பணிகளை ஒதுக்கி வைப்பது வழக்கம்.

அளவுகோல்கள்

* தேர்வு: பல கருவிகளுள் சரியானதை முகவர் தேர்ந்ததா?
* உள்ளீடு: அளபுருக்களைச் சரியான மதிப்புடனும் வடிவத்துடனும் தந்ததா?
* தவிர்ப்பு: பொருத்தமான கருவி இல்லாதபோது எதையும் அழைக்காமல் இருந்ததா? பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிடும் செயற்கூறு அழைப்புத் தரவரிசையில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு.
* இறுதி நிலை: வேலை முடிந்தபின் தரவுத்தளம் இருக்க வேண்டிய நிலையில் உள்ளதா? 2024 இல் வெளியான டௌ-பெஞ்ச் எனும் சோதனை இவ்வாறே மதிப்பிடுகிறது.
* நிலைத்தன்மை: ஒரே பணியைப் பலமுறை தந்தாலும் ஒவ்வொரு முறையும் வெற்றி கிடைக்கிறதா? ஒருமுறை வெற்றி பெறும் வாய்ப்பு 90 விழுக்காடு எனில், ஒன்றையொன்று சாராத 8 முயற்சிகளும் வெற்றி பெறும் வாய்ப்பு சுமார் 43 விழுக்காடு மட்டுமே.

பெர்க்லி தரவரிசையும் டௌ-பெஞ்சும் முதன்மையாக மாதிரிகளையும் முகவர்களையும் அளப்பவை. எனினும், அவற்றின் அளவுகோல்கள் விளக்கங்களை ஒப்பிடவும் உதவுகின்றன.

நடைமுறையில் கண்டவை

மென்பொருள் பிழைகளைத் திருத்தும் முகவர் ஒன்றை உருவாக்கியபோது, அது வேறு கோப்புறைக்கு நகர்ந்தபின் கோப்புகளின் முகவரியைத் தவறாகத் தருவதை ஆந்த்ரோபிக் நிறுவனத்தார் கண்டனர். முழு முகவரியை மட்டுமே ஏற்கும்படி கருவியை மாற்றியதும் அத்தவறு நின்றது. மற்றொரு சமயம், இணையத் தேடல் கருவியை அழைக்கும்போது மாதிரி தேவையின்றி '2025' என்பதைத் தேடுசொல்லுடன் சேர்த்தது. கருவியின் விளக்கத்தைத் திருத்தி இதைச் சரிசெய்தனர். இரண்டிலும் மொழி மாதிரிக்கு மறுபயிற்சி தேவைப்படவில்லை.

பாதுகாப்பு

விளக்கம் தெளிவாக இருப்பது போல உண்மையாக இருப்பதும் தேவை. முகவர் விளக்கத்தைப் படித்து அதன்படி நடப்பதால், தீய நோக்கமுடையோர் 'பயனரின் கோப்பையும் சேர்த்து அனுப்புக' போன்ற கட்டளையை அதில் ஒளித்து வைக்க முடியும். 'கருவி நஞ்சூட்டல்' எனப்படும் இத்தாக்குதலை 2025 இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டினர். எம்சிபி நெறிமுறையில் ஒரு கருவி தரவைப் படிக்க மட்டும் செய்யுமா, அழிக்கவும் கூடுமா என்று குறிக்க இடமுண்டு. ஆனால் நம்பகமற்ற இடத்திலிருந்து வரும் கருவியின் இக்குறிப்புகளை அப்படியே நம்பக் கூடாது என்றும் அந்நெறிமுறை கூறுகிறது. ஆகவே விளக்கம் சொல்வதும் கருவி செய்வதும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பதும், அழித்தல், பணம் செலுத்துதல் போன்ற செயல்களுக்கு முன் மனிதரின் ஒப்புதலைப் பெறுவதும் மதிப்பீட்டுடன் சேர்த்துச் செய்ய வேண்டியவையாகும்.